முகாமும் பள்ளியும்: கும்மிடிப்பூண்டி ஏதிலியர் குடும்பத்துப் பெண்மக்களின் கல்வி

அகதி என்னும் சொல் வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்தது. கதியற்றவர் என்பது அதன் நேர்ப்பொருள். அதற்கு ஈடாக ஈழத்தமிழர் வழங்கத் தொடங்கிய ஏதிலி என்னும் சொல்லோ பழந்தமிழ் வேரினது. ஏதிலார் என்பார் அயலார். திருக்குறளிலும் அகப்பாட்டுகளிலும் அச்சொல் அப்பொருளில் ஆளப்பட்டுள்ளது. அகதி என்பது ஒருவரிடம் இல்லாத ஒன்றைச் சுட்டுகிறது. ஏதிலி என்பது அவரோடு நமக்கு இல்லாத தொடர்பைச் சுட்டுகிறது. முன்னது அவர் நிலையைச் சொல்வது. பின்னது நம் நிலையையும் சேர்த்துச் சொல்வது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தமிழ்நாட்டு அரசு, இவர்கள் வாழும் இடங்களை இனி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றே வழங்கவேண்டும் என்று அறிவித்தது. பெயர் மாறுவதால் என்ன பயன் என்று வினவுவார் உளர். பள்ளிப் பதிவேட்டில் முகவரி எழுதும் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அது சிறு பயன் அன்று. 'அகதிப் பிள்ளை' என்னும் அடைமொழி வகுப்பறையில் எங்ஙனம் ஒலிக்கும் என்பதை அவளே அறிவாள்.

இக்கட்டுரை அச்சிறுமியின் கல்வியைப் பற்றியது. அவள் பள்ளியில் சேர்வதைத் தடுப்பவை இன்று மிகச் சில. பள்ளியில் நிலைப்பதையும், பள்ளியைக் கடந்து செல்வதையும் தடுப்பவையே பல. அவற்றுள் சில வீட்டில் உள்ளன. சில சட்டத்தில் உள்ளன. இவ்விரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தும் முறையைக் காட்டுவதே ஈண்டு என் நோக்கம்.

1983ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலங்கையில் நிகழ்ந்த இனக்கொலையை அடுத்து, பாக்கு நீரிணையைக் கடந்து தமிழர் இராமேசுவரக் கரைக்கு வரத் தொடங்கினர். போர் ஓய்ந்தும் மூண்டும் நடந்தமையால் வருகையும் அலையலையாக அமைந்தது. அரசு 2021இல் வெளியிட்ட கணக்கின்படி 1983 முதல் வந்தோர் 3,04,269 பேர். அவருள் மீண்டு சென்றோர் போக, 29 மாவட்டங்களில் உள்ள 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே 34,087 பேரும் அப்போது வாழ்ந்தனர். வந்தவர் அனைவரும் யாழ்ப்பாணத்தாரோ வன்னியாரோ அல்லர். முகாம்களில் உள்ளோருள் கணிசமானோர் மலையகத் தமிழர். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன் தொடங்கித் தமிழ்நாட்டிலிருந்தே தோட்டத் தொழிலுக்கெனக் கொண்டு செல்லப்பட்டவரின் வழியினர் அவர். பாட்டன் விட்டுச் சென்ற நாட்டிற்குப் பேத்தி ஏதிலியாகத் திரும்பியதை வரலாற்றின் விந்தை என்பதா, வன்மை என்பதா!

திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள கும்மிடிப்பூண்டி முகாம் இம்முகாம்களுள் பெரியனவற்றுள் ஒன்று. சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலை வழியே ஆந்திர எல்லையை அடைவதற்குச் சற்று முன்னர் உள்ள ஊர் கும்மிடிப்பூண்டி. சென்னையிலிருந்து மின்தொடர் வண்டியும் உண்டு. ஊரையொட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை விரிந்துள்ளது. இரும்புருக்கு ஆலைகள், வார்ப்பாலைகள், வண்டி உறுப்புகள் செய்யும் தொழிற்சாலைகள் எனப் பலவும் அங்கு உண்டு. சுற்றியுள்ள சிற்றூர்களில் தெலுங்கு பேசுவோர் மிகுதி. தொழிற்பேட்டையிலோ ஒரிசா, பீகார் முதலிய வடமாநிலத் தொழிலாளர் மிகுதி. ஒருபுறம் தெலுங்கும் ஒருபுறம் இந்தியும் ஒலிக்கும் இவ்வூரில், தமிழன்றி வேறு தாய்மொழி அறியாத முகாம் மக்களே அயலாராக எண்ணப்படுகின்றனர்.

பழம்பாடல்கள் பிறமொழி வழங்கும் நாட்டை மொழிபெயர் தேயம் என்றன. உலகின் ஏதிலியர் பலர் அத்தகைய தேயத்திற்கே செல்கின்றனர். 2017இல் மியான்மாவிலிருந்து வங்காளதேசத்துக் காக்சு பசாருக்குப் பெருந்திரளாக வந்த ரோகிங்கியாக் குழந்தைகளுக்கு அந்நாட்டுப் பள்ளிகளில் இடம் தரப்படவில்லை. முகாமுக்குள் நடந்த கற்றல் நிலையங்களில், அவர்தம் சொந்த நாட்டுப் பாடத்திட்டம் படிப்படியாகப் புகுத்தப்பட்டதும் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே. தமிழ்நாட்டிற்கு வந்த பிள்ளைகளுக்கு இத்துன்பம் இல்லை. அவர்கள் அரசுப் பள்ளிகளில், பிற பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து, தாய்மொழியிலேயே பயில்கின்றனர். பாடநூல், நண்பகல் உணவு, மிதிவண்டி ஆகியனவும் அவர்களுக்கு உண்டு. இது தமிழ்நாடு பெருமைப்படத்தக்க செயல் என்பதில் ஐயமில்லை.

எனினும் மொழி ஒன்றாயிருந்தும் பாடநூல் மொழி ஒன்றாய் இல்லை. இதனை மொழி பயில்வார் சிறிது ஊன்றி நோக்குதல் வேண்டும். இலங்கையில் பாடசாலை என்பது ஈண்டுப் பள்ளிக்கூடம். ஆண்டு ஐந்து என்பது ஐந்தாம் வகுப்பு. தவணை என்பது பருவம். கலைச்சொற்களில் வேறுபாடு இன்னும் ஆழமானது. இரசாயனவியல், பௌதிகவியல், அட்சரகணிதம், கேத்திரகணிதம் எனப் பயின்ற மாணவி இங்கு வேதியியல், இயற்பியல், இயற்கணிதம், வடிவியல் என்னும் பெயர்களைக் கண்டாள். ஒட்சிசன் ஆக்சிஜன் ஆயிற்று. பிறமொழி ஒலியை எழுதும் முறையும் வேறு. அங்கே ரீச்சர் என்று எழுதப்பட்டவர் இங்கே டீச்சர். தனித்தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் தமிழ்நாடு ஒரு வழியும் இலங்கை ஒரு வழியுமாகச் சென்றதன் பயனை நாம் கருத்தரங்குகளில் பேசுகிறோம். 1990இல் படகிலிருந்து இறங்கி ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பெண் அதனைத் தன் தேர்வுத்தாளில் கண்டாள். பின்வந்த தலைமுறை இங்கேயே பிறந்தது. அதற்கு இவ்விடர் இல்லை. ஆயினும் 2009இல் போர் முடிந்தபின் நாடு திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் இதே இடரை மறுதலையாகக் கண்டனர். வேதியியல் பயின்றவள் இரசாயனவியல் தேர்வெழுத நேர்ந்தது. சிங்களமும் ஒரு பாடமாயிற்று. முகாமில் வளரும் பெண் எந்நாட்டுப் பாடத்தைப் பயிலவேண்டும் என்னும் வினா, திரும்பிச் செல்வதா தங்குவதா என்னும் வினா தீரும் வரை தீராது.

இனி வீட்டிற்கு வருவோம். தொடக்கத்தில் முகாம்களில் ஒரு குடும்பத்திற்கு அளிக்கப்பட்டது பெரும்பாலும் பத்தடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட ஓர் அறை. தடுப்பும் கூரையும் பல இடங்களில் தார் அட்டையே. சில ஆண்டுகளுக்கெனக் கட்டப்பட்ட இவ்வறைகளில் முப்பது ஆண்டுகள் மக்கள் வாழ்ந்தனர். சமையல், உறக்கம், விருந்து, நோய், தகப்பனின் குடி, தாயின் அழுகை எல்லாம் அந்த ஒரே அறைக்குள். அதே அறையில் பத்தாம் வகுப்பு மாணவி பொதுத்தேர்வுக்குப் படிக்கவேண்டும். ஆண்பிள்ளை நூலை எடுத்துக்கொண்டு தெருவிளக்கடிக்கோ கோயில் திண்ணைக்கோ செல்வான். பெண்பிள்ளை பொழுது சாய்ந்தபின் அங்ஙனம் செல்ல இயலாது. இடமின்மை இருபாலார்க்கும் பொது. வெளியே சென்று இடம் தேடிக்கொள்ளும் உரிமையோ பொது அன்று. ஒரே குறை பெண்ணிடத்து இரு மடங்காவது இங்ஙனமே.

பூப்பெய்திய பின் இது மேலும் கடுமையாகிறது. பொதுக் கழிப்பிடமும் பொதுக் குளியலிடமும் வீட்டினின்று தள்ளியிருந்த முகாம்களில், பெண்கள் விடியுமுன்னரே எழுந்து சென்று வருவது வழக்கம். தண்ணீர்க் குழாயில் வரிசை நிற்பதும் அவர்கள் பணியே. பள்ளி மணி எல்லார்க்கும் ஒரே பொழுதில் அடிக்கிறது. ஆனால் அதற்கு முன்னரே இவள் மூன்று மணிநேர வேலையை முடித்திருக்கிறாள். அன்றியும் கதவு சரியாக அடையாத அறையில் வளர்ந்த மகளை வைத்திருக்கும் தாய்க்கு அச்சம் மிகுதி. தாய் தந்தையர் இருவரும் கூலிக்குச் சென்றுவிட்டால் அவ்வச்சம் இரட்டிக்கும். திருமணம் என்பது அவ்வச்சத்திற்கு அவர்கள் காணும் மருந்து. சட்டம் பதினெட்டு வயதைக் குறித்துள்ளதை அவர்கள் அறியாதவர் அல்லர். அவர்களைப் பழிப்பது எளிது. கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ள வீட்டில் இருந்துகொண்டு பழிப்பது இன்னும் எளிது.

2021 ஆகஸ்டு 27ஆம் நாள் சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 317.40 கோடி ரூபாய் மதிப்பில் அறிவித்த திட்டங்களுள் 7,469 வீடுகளை 231.54 கோடி ரூபாயில் புதிதாகக் கட்டித் தருவதும் ஒன்று. இதனை வீட்டுவசதித் திட்டம் என்றே பலரும் கருதினர். யான் இதனைக் கல்வித் திட்டம் என்றும் கருதுகிறேன். தனி அறையும் தனிக் கழிப்பறையும் பெற்ற வீட்டில் பெண்ணின் படிப்பு நீளும்.

முகாமில் ஆண்மக்கள் மிகுதியாகச் செய்யும் தொழில் வண்ணம் பூசுதல். நாட்கூலி வேலையாதலின் மழைக்காலத்தில் வருவாய் இல்லை. அரசு தரும் மாத உதவித்தொகை 2021 அறிவிப்பால் குடும்பத் தலைவர்க்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும், ஏனைய பெரியோர்க்கு 750லிருந்து 1,000 ஆகவும், சிறார்க்கு 400லிருந்து 500 ஆகவும் உயர்ந்தது. இத்தொகையைப் பெறுவோர் முகாமில் தங்கியிருத்தல் வேண்டும். வருவாய்த் துறையினர் வந்து பெயர் அழைத்துச் சரிபார்ப்பர். முகாம் மக்கள் இதனைச் 'செக்கிங்' என்பர். அந்நாளில் வேலைக்குச் செல்வோர் வேலையையும், விடுதியில் தங்கிப் படிப்போர் வகுப்பையும் விட்டுவர நேரும். தொலைவிலுள்ள கல்லூரியில் மகளைச் சேர்ப்பதற்குப் பெற்றோர் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். 1991 மே 21ஆம் நாள் இராசீவ் காந்தி கொலையுண்ட பின் கண்காணிப்பு மிக இறுகியது. ஏதிலியர் பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிச் சேர்க்கையே சில காலம் தடைப்பட்டுப் பின்னர் மீண்டது. ம. கோ. இராமச்சந்திரன் முதல்வராயிருந்த காலத்தில் தொழிற்கல்லூரிகளில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த இடங்களும் அக்காலத்தில் நீங்கின. கொலைக்கு எவ்வகையிலும் தொடர்பற்ற சிறுமியர், தம் வகுப்புத் தோழியர் பள்ளி செல்வதைப் பார்த்து நின்ற காலம் அது. அன்று விட்ட படிப்பைப் பின்னர்த் தொடராதவர் இன்று முகாம்களில் பேத்தி கண்டுள்ளனர்.

கும்மிடிப்பூண்டிக்கே உரிய தடை ஒன்று உண்டு, அது தொழிற்பேட்டை. ஏனைய முகாம்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு அடுத்துச் செய்யத்தக்க வேலை அருகில் இல்லை. ஆகவே படிப்பு ஓரளவு தொடர்கிறது. இங்கோ நடைத் தொலைவில் ஆலைகள் உள்ளன. ஒப்பந்த வேலையாயின் நெடிய சான்றிதழ் வேண்டா. திங்கள் முடிந்ததும் கையில் பணம். பட்டம் பெறும் மூன்றாண்டுகளில் வீட்டிற்கு வரக்கூடிய கூலியைத் தந்தை மனக்கணக்காகப் போடுவார். பட்டம் பெற்றபின் கிடைக்கும் வேலை எது என்றும் கேட்பார். இக்கேள்விக்கு விடை கூறுதல் எளிதன்று. ஏனெனின் குடியுரிமை இல்லாதவர்க்கு அரசுப்பணி இல்லை. தனியார் நிறுவனங்களிலும் கடவுச்சீட்டு கேட்கப்படும் பணிகள் இவர்க்கு இல்லை. பட்டம் பெற்ற அக்கையும் பள்ளியை விட்ட தங்கையும் ஒரே ஆலையில் ஒரே பலகையில் நின்று வேலை செய்வதைக் காணும் மூன்றாவது மகளுக்கு எவ்வாறு கல்வியின் பயனை எடுத்துரைப்பது? தகப்பன் அறியாமையால் கணக்கிடவில்லை; கணக்கு சரியாக இருப்பதே ஈண்டுத் துயரம்.

இவ்விடத்தில் சட்டத்தின் சொற்களை நோக்குதல் வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள 'ஒவ்வொரு குழந்தைக்கும்' கல்வி உரிமை என்கிறது. குடிமக்களின் குழந்தை என்று கூறவில்லை. அரசியலமைப்பின் 21அ பிரிவும் அத்தகையதே. ஆகவே எட்டாம் வகுப்பு வரை அவள் குழந்தை; அவ்வளவே போதும். அதற்குமேல் செல்லச் செல்ல, விண்ணப்பத்தாள்கள் குழந்தை என்னும் சொல்லை விட்டுக் குடிமகள் என்னும் சொல்லைப் பற்றிக்கொள்கின்றன. சாதிச் சான்றிதழ் கிடைக்காமையால் இட ஒதுக்கீடும் அதைச் சார்ந்த உதவித்தொகையும் இல்லை. இலங்கையில் எக்குடியில் பிறந்திருப்பினும் இங்கு அவள் பொதுப் பிரிவிலேயே போட்டியிடுகிறாள். வங்கிக் கல்விக்கடனுக்கும் தடை. 2016இல் ஈரோடு மாவட்டத்து முகாமொன்றின் மாணவி பன்னிரண்டாம் வகுப்பில் மருத்துவத்திற்குப் போதிய மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றும், குடியுரிமை இன்மையால் மருத்துவக் கலந்தாய்விற் புக இயலாமற் போனது நாளிதழ்களில் வந்த செய்தி. ஏதிலியர் நிலைபற்றிய 1951ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை. எனவே இவள் இந்தியச் சட்டத்தில் ஏதிலியும் அல்லள், அயல்நாட்டவரே. அயல்நாட்டு மாணவர்க்கான இடத்தைக் கோரலாமோ எனின், அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். அஃதும் பலரிடம் இல்லை.

குடியுரிமை பற்றிய நிலையைச் சற்று விரித்துரைப்பேன். இதனை மாணவர் பலர் தெளிவாக அறியார். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1க்கு முன்வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாவராயினும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். அந்நாளுக்குப் பின் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாய் இருத்தல் வேண்டும். 2004 திசம்பர் 3 முதல் பிறந்தவர்க்கு, ஒருவர் குடிமகனாயிருப்பதோடு மற்றவர் சட்டத்திற்கு மாறாகக் குடியேறியவராய் இருத்தலும் கூடாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சிக் கொட்டப்பட்டு முகாமில் வாழும் பெண்ணொருவர் கடவுச்சீட்டுக் கோரி வழக்கிட்டார். 2022 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை, அவர் பிறப்பால் இந்தியரே எனக் கொண்டு கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார்.

இத்தீர்ப்பால் முகாம் மாணவியர்க்குப் பயன் உண்டா? ஒரு சிறிது கணக்கிட்டால் விளங்கும். வருகை தொடங்கிய 1983க்கும் 1987 சூலைக்கும் இடையே இங்குப் பிறந்த பெண்கள் பதினெட்டு வயதை எய்தியது 2001க்கும் 2005க்கும் இடையே. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுள் மிகப் பலர் 2004 திசம்பருக்குப் பின் பிறந்தவர். ஆகவே தாய் குடிமகளாயினும், தந்தை படகில் வந்தவராயின், மகள் குடிமகள் ஆகாள். இன்று பள்ளியில் உள்ள மாணவியர் அனைவரும் அந்நாளுக்குப் பின்னரே பிறந்தவர். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. 2025 செப்டம்பரில் நடுவணரசு, 2015 சனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டு, நுழைவிசைவு தொடர்பான விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. அதனால் தண்டனை அச்சம் நீங்கும்; குடியுரிமை வாராது.

இத்தனைக்கும் இடையே முகாம் மக்கள் கல்வியைக் கைவிடவில்லை என்பதைக் கூறாமல் விடுதல் முறையன்று. 1984இல் சா. செ. சந்திரகாசன் முதலியோர் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் மாலை வகுப்புகளை நடத்தியும், பிறப்புச் சான்று பெற உதவியும் வந்துள்ளது. முகாமில் படித்த பெண்களே பின்னர் அங்கு ஆசிரியைகளாக அமர்ந்தனர். அரசு வேலை கிடைக்காத பட்டதாரிப் பெண்ணின் அறிவு அடுத்த வீட்டுச் சிறுமிக்குப் பயன்பட்டது. பாலத்தீன ஏதிலியர்க்கென 1950 முதல் ஐக்கிய நாடுகள் நிறுவனம் நடத்திவரும் பள்ளிகளிலும் இத்தகையதொரு மரபைக் காணலாம். அங்கே மாணவருள் ஏறத்தாழப் பாதியினர் பெண்கள். நிலம் இழந்தவர் கல்வியை நிலமாகக் கொள்வது பல நாட்டார்க்கும் பொது.

யான் கற்பிக்கும் முதுகலை வகுப்பில் சில ஆண்டுகளுக்கு முன் முகாமிலிருந்து வந்த மாணவி ஒருத்தி இருந்தாள். இலக்கணத்தில் கூர்மையானவள், ழகரம் பிழையாது. ஆய்வுப் பட்டத்திற்குப் பிறிதோர் இடத்தில் விண்ணப்பித்தபோது 'நாட்டினம்' என்னும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். இலங்கை என எழுதினால் கடவுச்சீட்டு எண் கேட்கப்படும். இந்தியா என எழுதினால் பொய்யாகும். அவள் இலங்கையைக் கண்டதே இல்லை. முகாம் அடையாள அட்டையின் படியை இணைத்து அனுப்பினோம். விண்ணப்பம் முழுமையற்றது என்று திரும்பி வந்தது. மறுமுறை விண்ணப்பிக்க வேண்டுமென்று யான் எத்துணையோ சொல்லியும் அவள் இணங்கவில்லை. அவ்வாண்டு தை மாதத்தில் அவளுக்கு மணம் நடந்தது.

2021 அறிவிப்பில் உயர்கல்விக்கும் இடம் தரப்பட்டது. பொறியியலில் தகுதி வரிசைப்படி முதல் ஐம்பது மாணவர்க்கும், வேளாண் படிப்புகளில் ஐவர்க்கும், முதுநிலைப் பட்டம் பயில்வோர்க்கும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்பது அது. விடுதிக் கட்டணம் என்னும் சொல்லே பெண்மக்களைப் பொறுத்தவரை முதன்மையானது. விடுதி கிடைத்தால் படிக்க ஓர் இடம் கிடைக்கிறது. தண்ணீர் வரிசை இல்லை. அஞ்சும் தாய்க்கும் ஆறுதல் உண்டு.

குடியுரிமை நடுவணரசின் கையில் உள்ளது. அதற்காகக் காத்திராமல் மாநில அரசும் மாவட்ட ஆட்சியும் செய்யத்தக்கனவும் உள. முகாம்தோறும், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டி, புழல் காவாங்கரை போன்ற பெரிய முகாம்களில், இரவு ஒன்பது மணி வரை விளக்கும் பெண் காவலரும் உள்ள படிப்பகம் ஒன்று வேண்டும். பெற்றோர் அல்லது பாட்டன்மாரின் பழைய ஆவணங்களைக் கொண்டு சாதிச் சான்றிதழ் வழங்கும் வழியை ஆராயலாம். மலையகத்தாரிடம் அத்தகைய ஆவணங்கள் இன்றும் பெட்டிகளில் உள்ளன. நம் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பத்தாள்களில் நாட்டினம் என்னும் கட்டத்தின் அருகே 'மறுவாழ்வு முகாம்' என்று ஒரு வரி சேர்ப்பதற்கு ஆட்சிக்குழுவின் ஒரு தீர்மானம் போதும். இதற்குத் தமிழ்த்துறையினராகிய நாமே முன்மொழியலாம். செக்கிங் நாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவதற்கோ எந்தத் தீர்மானமும் வேண்டா.